ஆர்.வி. வண்டியில் ஊர் சுற்றலும் வீடு கட்டும் தொண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுக்கையும் சமையலறையும் கழிவறையும் உள்ளேயே அமைந்த வண்டியை அமெரிக்காவில் ஆர்.வி. என்கிறார்கள். இத்தகைய வண்டியில் மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றி வருபவர்களுள் ஒரு சாரார், வழியில் ஏதேனும் ஓர் ஊரில் இரண்டு வாரம் தங்கி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான வீடுகளைக் கட்டும் பணியில் கைகொடுத்துவிட்டு, அதன்பின் அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார்கள். அமெரிக்காவில் குடியிருந்து பணி ஓய்வு பெற்ற தமிழர்களும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் உறவினர்களும் இதைப் பற்றி வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

இந்தப் பணியை நடத்துவது யார்?

இவ்வகைத் திட்டங்களுள் பலரும் அறிந்தது, ஹாபிடட் ஃபார் ஹியுமானிட்டி என்னும் தொண்டு நிறுவனம் 1988 முதல் நடத்திவரும் ஆர்.வி. கேர்-எ-வேனர்ஸ் திட்டம். நாடு முழுவதும் உள்ள ஹாபிடட் கிளைகள் தத்தம் ஊரில் தனித்தனியாக வீடு கட்டுகின்றன; ஆள்பலம் தேவைப்படும் கிளை, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இத்தனை வண்டிகளுக்கு இடம் உண்டு என்று அறிவிக்கிறது; விருப்பமுள்ளவர்கள் பதிவு செய்துகொண்டு அங்கே போய்ச் சேர்கிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர் இருப்பார். பெரும்பாலும் அவரும் ஆர்.வி.யில் வரும் அனுபவமிக்க தொண்டரே. கட்டுமானத்தை வழிநடத்துபவர் மட்டும் அந்தக் கிளையின் மேற்பார்வையாளர்.

ஹாபிடட் எப்படித் தொடங்கியது?

இந்தக் கதை தெரிந்திருந்தால், வேலைத்தளத்தில் கடைப்பிடிக்கப்படும் பல வழக்கங்களின் காரணம் தானே விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்லலாம்.

ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் அமெரிக்கஸ் என்றொரு சிற்றூர் உள்ளது. அதன் அருகில், 1942இல் கிளாரன்ஸ் ஜார்டன் என்னும் சமய அறிஞரும் அவருடைய நண்பர்களும் கொய்னோனியா என்ற கூட்டுப் பண்ணையைத் தொடங்கினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உழைத்து ஒரே மேசையில் உண்ட அந்தப் பண்ணையை அன்றைய தெற்கத்திச் சமூகம் பொறுத்துக்கொள்ளவில்லை. 1950களில் துப்பாக்கிச் சூடும் குண்டுவெடிப்பும் வணிகப் புறக்கணிப்பும் நிகழ்ந்தன. உள்ளூரில் விற்க முடியாத நிலையில், பண்ணையில் விளைந்த பீக்கான் கொட்டைகளை அஞ்சல் வழியே வெளியூர்களுக்கு விற்றுத்தான் அவர்கள் பிழைத்தார்கள். அலபாமாவில் இளம் வயதிலேயே பெரும் செல்வம் ஈட்டிய வழக்கறிஞர் மில்லார்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும், தங்கள் சொத்தைத் துறந்துவிட்டு வந்து சேர்ந்த இடம் இதுவே. ஏழைகளுக்கு லாபமும் வட்டியும் இல்லாமல் வீடு கட்டிக் கொடுத்து, அவர்கள் திருப்பிச் செலுத்தும் தவணையைக் கொண்டே அடுத்த வீட்டைக் கட்டலாம் என்ற எண்ணம் அங்கேதான் உருவானது. ஃபுல்லர் இணையர் 1973இல் அதே முறையை இன்றைய காங்கோ சனநாயகக் குடியரசில் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி, 1976இல் ஹாபிடட்டை நிறுவினார்கள்.

அமெரிக்கஸிலிருந்து சில மைல் தொலைவில் உள்ள பிளெயின்ஸ், முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் ஊர். அவரும் மனைவி ரோசலினும் 1984இல் நியூயார்க் நகரின் பழைய கட்டடம் ஒன்றைச் சீரமைக்கத் தொண்டர்களோடு பேருந்தில் சென்றது செய்தியானபோதுதான் இந்நிறுவனத்தின் பெயர் உலகமெங்கும் தெரிந்தது. 2006இல் இணையர் இருவரும் இந்தியாவுக்கும் வந்து, மகாராட்டிரத்தின் லோனாவ்லா அருகே மளவ்லியில் நடந்த பணியில் கலந்துகொண்டார்கள்.

வீட்டை இலவசமாகக் கொடுக்கிறார்களா?

இல்லை. பலரும் தவறாக எண்ணிக்கொள்ளும் செய்தி இது. குடும்பம் வீட்டை விலைக்கு வாங்குகிறது. அவர்களால் தாங்கக்கூடிய கடனாக அது அமைக்கப்படுகிறது என்பதே வேறுபாடு. மாதத் தவணை குடும்ப வருமானத்தில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். தேர்வுக்கு மூன்று அளவுகோல்கள் உண்டு: வீட்டுத் தேவை, தவணை செலுத்தும் திறன், உழைப்பில் பங்கேற்கும் விருப்பம். மூன்றாவதன்படி, குடும்பத்தினர் தங்கள் வீட்டிலும் பிறர் வீட்டிலும் சில நூறு மணி நேரம் உழைக்க வேண்டும். மணிக்கணக்கைக் கிளைக்குக் கிளை வேறுவிதமாக வகுத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் பக்கத்தில் நின்று ஆணி அடிப்பவர் அந்த வீட்டுக்கு உரிமையாளராகப் போகிறவராகவே இருக்கலாம். அவரைத் தருமம் பெறுபவராகக் கருதிப் பேசுவது பொருந்தாது.

சுத்தியலே பிடித்ததில்லை, நான் போய் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். தமிழ்நாட்டில் வீடு என்றால் செங்கல், சிமெண்ட், கம்பி என்று பழகிய நமக்கு, அமெரிக்க வீடு முதலில் புதிராகத் தெரியும். அங்கே சாதாரணக் குடியிருப்பு வீட்டின் எலும்புக்கூடு மரம். கான்கிரீட் தளம் போட்டு முடிந்ததும் அதன்மேல் மரச்சட்டங்களால் சுவர்க்கூடுகளைத் தரையில் படுக்கவைத்தே இணைத்து, பலபேர் சேர்ந்து தூக்கி நிறுத்துகிறார்கள். பிறகு கூரைத் தாங்கிகள், வெளிப்பலகை, ஈரம் புகாத உறை, சன்னல், வெளிச்சுவர்ப் பட்டைகள், உட்சுவர், வண்ணம் என்று வேலை நகர்கிறது. மின்சாரம், குழாய், குளிர்சாதனம் ஆகியவற்றை உரிமம் பெற்றவர்களே செய்கிறார்கள். தொண்டர்களுக்கு அங்கே வேலையில்லை.

தொடக்கத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது வலிமையை விட அளவெடுக்கும் ஒழுங்குதான். சுவரின் நிமிர்ந்த சட்டங்கள் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். காரணம் எளிது: மேலே அடிக்கப்படும் பலகை 4 அடிக்கு 8 அடி, 48 அங்குலமும் 96 அங்குலமும் 16ஆல் மிச்சமின்றி வகுபடுவதால், எந்தப் பலகையின் விளிம்பும் ஒரு சட்டத்தின் நடுவில் வந்து முடியும். அளவு நாடாவிலேயே ஒவ்வொரு 16 அங்குலத்துக்கும் தனி அடையாளம் இருப்பதைக் காணலாம். புதியவர் ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்கு என்று அளந்துகொண்டே போவார்; ஒவ்வொரு முறையும் நேரும் சிறு பிசகு கூடிக்கூடி, சுவரின் மறுமுனையில் பலகை பொருந்தாமல் நிற்கும். எல்லா அளவையும் ஒரே முனையிலிருந்து எடுக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் காலையில் சொல்வதை அலட்சியமாகக் கேட்கக் கூடாது.

வெளிச்சுவரில் பொருத்தும் வினைல் என்னும் நெகிழிப் பட்டைகளும் அப்படியே. அவை வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஆகவே ஆணியைப் பட்டையிலுள்ள நீள்துளையின் நடுவில், பட்டை இடமும் வலமும் அசையுமளவுக்குத் தளர்வாக அடிக்க வேண்டும். கைவலு உள்ளவர் முழுமூச்சாக இறுக்கி அடித்துவிட்டால் அடுத்த கோடையில் சுவர் அலையலையாக வளைந்து நிற்கும். இதனால்தான் பொறுமையான அறுபது வயதுக்காரரின் வேலையை மேற்பார்வையாளர்கள் பல வேளைகளில் கூடுதலாக நம்புகிறார்கள்.

வயது வரம்பு உண்டா?

மேல்வரம்பு இல்லை. இந்த அணிகளில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்களே. ஏணி ஏற முடியாதவருக்கு வண்ணம் பூசுதல், அளந்து குறித்தல், பொருள்களை எடுத்துக் கொடுத்தல், தளத்தைச் சுத்தம் செய்தல் என்று தரையில் நின்று செய்யும் வேலைகள் எப்போதும் உண்டு. முழங்கால் வலியோ இதயச் சிகிச்சையோ இருந்தால் முதல் நாளே அணித் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். கீழ்வரம்பு கண்டிப்பானது. கட்டுமானத் தளத்தில் வேலை செய்ய 16 வயது ஆகியிருக்க வேண்டும். கூரை வேலையும் மின்கருவிகளும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே. பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்ல எண்ணுபவர்கள், பகலில் அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்பதை முடிவு செய்துகொண்டு பதிவு செய்வது நல்லது.

சொந்தமாக ஆர்.வி. இருக்க வேண்டுமா?

வாடகை வண்டியும் ஏற்றதே. ஆனால் இரண்டு வாரம் ஓரிடத்தில் நிற்கப்போகும் வண்டிக்கு நாள் வாடகை கொடுப்பது பலருக்குக் கட்டுப்படியாகாது. வகைகளைச் சுருக்கமாகச் சொன்னால்: பேருந்து போன்ற பெரிய மோட்டார் ஹோம் ‘ஏ’ வகுப்பு, சரக்கு வேனை உள்ளே மாற்றியமைத்தது ‘பி’, ஓட்டுநர் அறைக்கு மேலும் படுக்கை நீண்டிருப்பது ‘சி’, இவை தவிர, பிக்கப் டிரக்கால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களும் உண்டு. மோட்டார் ஹோமில் வருபவர்கள் பின்னால் ஒரு சிறு காரையும் இழுத்து வருவது வழக்கம், ஏனெனில் வண்டி நிற்கும் இடத்துக்கும் வேலைத்தளத்துக்கும் இடையே சில மைல் இருக்கலாம். காய்கறி வாங்கப் போவதற்காக ஒவ்வொரு முறையும் குழாயையும் மின்கம்பியையும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது. கார் இல்லாதவர், அணியில் வேறு யாருடனாவது சேர்ந்து போக ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஓட்டுநர் உரிமம் குறித்து ஒரு சொல்: பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமமே போதும். விதிவிலக்குகள் உண்டு. டெக்சாஸில் 26,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட வண்டிக்கும், கலிபோர்னியாவில் 40 அடிக்கு மேல் நீளமான மோட்டார் ஹோமுக்கும் வணிகமல்லாத தனி வகை உரிமம் வேண்டும்.

வண்டியை எங்கே நிறுத்துவது? மின்சாரமும் தண்ணீரும் கிடைக்குமா?

இடத்தை ஏற்பாடு செய்வது அழைக்கும் கிளை. அது ஆர்.வி. பூங்காவாகவும் இருக்கலாம், தேவாலயத்தின் வாகனத் திடலாகவும் இருக்கலாம், பழைய பொருள்களை விற்கும் ஹாபிடட் கடையின் பின்புறமாகவும் இருக்கலாம். கட்டணம் இருக்காது, அல்லது குறைவாக இருக்கும். பதிவு செய்யும்போதே மூன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: மின்சாரம் எத்தனை ஆம்பியர், குடிநீர்க் குழாய் உண்டா, கழிவுநீரை அங்கேயே வடிக்கலாமா அல்லது வேறிடத்துக்கு ஓட்டிச் சென்று கொட்ட வேண்டுமா.

ஆம்பியர்க் கணக்கை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்டில் 3,600 வாட் வரை தரும். 50 ஆம்பியர் இணைப்போ, இரண்டு கம்பிகளில் வருவதால், 12,000 வாட் வரை தரும். பெரிய வண்டி வைத்திருப்பவர் 30 ஆம்பியரில் நின்றால், குளிர்சாதனமும் மைக்ரோவேவும் நீர்ச்சூடேற்றியும் ஒரே நேரத்தில் ஓடாது. தோசை மாவு அரைக்க ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவர எண்ணுபவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்: நம்முடைய கருவி 230 வோல்டுக்கானது, அங்குள்ள 120 வோல்டில் ஓடாது. அமெரிக்காவில் விற்கும் 120 வோல்ட் கிரைண்டரை வாங்கிக்கொள்ளலாம், அல்லது மாவை இந்தியக் கடையில் வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வேலைநாள் எப்படிக் கழியும்?

பொதுவாகக் காலை எட்டு மணியளவில் கூடி, பாதுகாப்பு விதிகளையும் அன்றைய வேலையையும் கேட்டுக்கொண்டு, நடுவில் உணவு இடைவேளையுடன் பிற்பகல் வரை வேலை நடக்கும். தலைக்கவசமும் கண்ணாடியும் தளத்திலேயே கொடுப்பார்கள். விரல்களை முழுதும் மூடும் காலணி உங்களுடையதாக இருக்க வேண்டும். சுத்தியல், அளவு நாடா, ஆணிப்பை, கத்தி ஆகிய நான்கும் சொந்தமாக இருந்தால் வசதி. சில ஊர்களில் மதிய உணவைத் தேவாலயக் குழுவினரோ அக்கம்பக்கத்தாரோ கொண்டுவருவார்கள், அது பெரும்பாலும் இறைச்சி வைத்த சாண்ட்விச்சாக இருக்கும். சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதோடு கையில் ஒரு டப்பா எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ வைத்திருந்தால் கவலையே இல்லை. மாலையில் அணியினர் ஆளுக்கொரு பண்டம் சமைத்து வந்து கூடி உண்பது இந்த அணிகளின் பழக்கம். சாம்பாரும் வடையும் அங்கே சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஊர் பார்க்க உண்மையில் நேரம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எதிர்பார்க்கும் விதத்தில் அல்ல. வேலைநாளின் மாலையில் நூறு மைல் ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டமிடுபவர்கள், நான்காம் நாளே களைத்துப்போவார்கள். வேலையை நடுவில் வைத்து, பார்க்க வேண்டிய தூரத்து இடங்களை வேலைக்கு முந்திய வாரத்துக்கும் பிந்திய வாரத்துக்கும் தள்ளிவிடுவதும், இரண்டு வாரத்துக்குள் அந்த ஊரையும் அதைச் சுற்றி ஒரு மணி நேரத் தொலைவையும் மட்டும் பார்ப்பதுமே சரியான முறை என்பது என் கருத்து. சுற்றுலாப் பயணி ஓர் ஊரில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதில்லை. இரண்டு வாரம் ஒரே கடையில் பால் வாங்கி, உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து கூரைத் தாங்கி தூக்குபவருக்கு, எந்தக் கையேட்டிலும் இல்லாத இடங்களை அவ்வூர்க்காரர்களே சொல்வார்கள்.

இன்னொரு நடைமுறைச் செய்தி: சனிக்கிழமைதான் உள்ளூர்த் தொண்டர்கள் மிகுதியாக வரும் நாள் என்பதால், பல கிளைகள் சனிக்கிழமை வேலை வைத்துக்கொண்டு ஞாயிறும் திங்களும் ஓய்வு விடுகின்றன. அமெரிக்காவில் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமைதான் மூடியிருக்கும். எனவே திங்களைத் திறந்தவெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக ஒரு வழித்தடம் சொல்லுங்கள்.

தென் மாநிலங்களையே சொல்வேன், ஏனெனில் இந்தப் பணியின் வரலாறும் பார்க்கத்தக்க இடங்களும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அமெரிக்கஸில் தொடங்கலாம். பிளெயின்ஸில் கார்ட்டர் படித்த பள்ளியும் அவர் வளர்ந்த பண்ணை வீடும் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் உள்ளன. மின்சாரம் வருவதற்கு முந்தைய கிராம வாழ்க்கையை அந்த வீட்டில் காணலாம். கொய்னோனியாப் பண்ணை இன்றும் இயங்குகிறது, பீக்கானும் விற்கிறது. வடகிழக்கே சிறிது தூரத்தில் ஆண்டர்சன்வில். உள்நாட்டுப் போரின்போது 1864-65இல் ஏறக்குறைய 45,000 வடபுலப் போர்க்கைதிகளைத் திறந்தவெளியில் அடைத்து வைத்த அந்த முகாமில் சுமார் 13,000 பேர் நோயாலும் பட்டினியாலும் மாண்டார்கள். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் நெருக்கமாக நிற்கும் கற்களைப் பார்த்துவிட்டு உடனே அடுத்த இடத்துக்கு ஓட மனம் வராது. அந்த நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கிருந்து மேற்கே நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகத்து 29இல் கரையைக் கடந்த கேத்ரினா புயலுக்குப் பின் ஆர்.வி. தொண்டர்கள் மெக்சிகோ வளைகுடாக் கரைக்குத் திரண்டு வந்தார்கள். உள்ளூர் விடுதிகள் நாசமாகியிருந்த காலத்தில், தங்குமிடத்தைத் தன்னோடு கொண்டுவரும் தொண்டரின் அருமை அப்போது நன்றாகத் தெரிந்தது. அந்நகரின் மேல் ஒன்பதாம் வட்டத்தில், இசைக்கலைஞர்களான ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபர்ட் மார்சலிசும் முன்வைத்த யோசனையின்படி, ஊரைவிட்டுச் சிதறிய கலைஞர்கள் திரும்பி வருவதற்காக ஹாபிடட் கட்டிய 72 வீடுகளைக் கொண்ட இசைக்கலைஞர் குடியிருப்பு உள்ளது. அதன் நடுவே 2011இல் எல்லிஸ் மார்சலிஸ் இசை மையம் திறக்கப்பட்டது. வண்ணவண்ணமான அந்த வீடுகளின் தெருவில் நடந்து பார்க்கலாம், ஆனால் அவை மக்கள் வாழும் வீடுகள் என்பதை மறந்து சன்னலுக்குள் படமெடுக்கக் கூடாது.

திரும்பும் வழிக்கு, மிசிசிப்பியின் நாச்செஸிலிருந்து டென்னசியின் நாஷ்வில் வரை 444 மைல் நீளும் நாச்செஸ் டிரேஸ் சாலையை விட ஆர்.வி.க்கு ஏற்றது அரிது. லாரிகளுக்கு அனுமதியில்லை, விளம்பரப் பலகைகள் இல்லை, வேகம் பெரும்பாலும் மணிக்கு 50 மைல்தான். வழியில் மூன்று இடங்களில் கட்டணமில்லா முகாம்கள் உண்டு, ஆனால் மின் இணைப்பு கிடையாது. இழுத்துச் செல்லும் காரையும் சேர்த்து வண்டியின் மொத்த நீளம் 55 அடியைத் தாண்டக் கூடாது.

பெரிய வண்டியால் எல்லா இடங்களுக்கும் போக முடியுமா?

முடியாது. மோண்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் மலையைக் கடக்கும் புகழ்பெற்ற சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதியில்லை. அகலக் கணக்கில் பக்கக் கண்ணாடிகளும் சேரும். பால்டிமோர் நகரின் நீரடிச் சுரங்கப்பாதைகளில் எரிவாயு உருளையோடு செல்வதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால், ஆர்.வி.க்காரர்கள் சுற்றுவழியில் செல்வார்கள்; அவ்வழியிலிருந்த பாலம் 2024இல் இடிந்து விழுந்துவிட்டது. கார்களுக்கான வழிகாட்டிச் செயலியை நம்பினால் தாழ்வான பாலத்தின் முன் போய் நிற்க நேரிடும். உங்கள் வண்டியின் உயரத்தை, கூரை மேலுள்ள குளிர்சாதனத்தையும் சேர்த்து அளந்து, ஓட்டுநர் இருக்கையின் எதிரே எழுதி ஒட்டிவிடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? வரிக்கழிவு உண்டா?

எரிபொருளும் உணவும் உங்கள் பொறுப்பு. பெரிய மோட்டார் ஹோம் ஒரு காலனுக்கு ஆறு முதல் பத்து மைல் வரைதான் ஓடும். செலவில் பெரும்பகுதி அங்கேதான் போகும். நிற்கும் இரண்டு வாரத்தில் டீசலோ பெட்ரோலோ கரையாது என்பதால், முழுநேரமும் ஓடிக்கொண்டிருக்கும் பயணத்தை விட இது மலிவாகவே முடியும். 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் 80 டாலருக்கு வாழ்நாள் அனுமதி அட்டை வாங்கிக்கொண்டால், தேசியப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணம் இல்லாமல் போகும். பல முகாம்களில் பாதிக் கட்டணமே வாங்குவார்கள்.

வரிக்கழிவைப் பற்றி ஆர்.வி. முகாம்களில் நம்பிக்கையோடு சொல்லப்படும் பல செய்திகள் சரியல்ல. தகுதி பெற்ற தொண்டு நிறுவனத்துக்காகச் செய்யும் பயணச் செலவைக் கழிக்கலாம் என்பது உண்மை. காருக்கு மைலுக்கு 14 சென்ட் என்ற விகிதமும் சட்டத்திலேயே உள்ளது. ஆனால் பெரும்பாலும் செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிவு கோருபவர்களுக்கே இது பயன்படும். அதைவிட முக்கியமாக, பயணத்தில் கேளிக்கையோ விடுமுறையோ குறிப்பிடத்தக்க அளவில் கலந்திருந்தால் பயணச் செலவைக் கழிக்க முடியாது என்று வரித்துறை தெளிவாகச் சொல்கிறது. வேலையை மகிழ்ச்சியோடு செய்வது தடையல்ல. வழியெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு இடையில் இரண்டு வாரம் ஆணி அடித்தேன் என்பதுதான் தடை. உங்கள் உழைப்பு நேரத்தின் மதிப்பை எந்நிலையிலும் கழிக்க முடியாது. ஊர் சுற்றலையும் தொண்டையும் சேர்த்துச் செய்பவர் கழிவை எதிர்பார்க்காமலே கணக்குப் போடுவது பாதுகாப்பானது.

எந்தப் பருவத்தில் எங்கே போகலாம்?

குளிர்காலத்தில் ஃபுளோரிடா, டெக்சாஸ், அரிசோனா போன்ற தெற்கு மாநிலங்கள், கோடையில் வடக்கு. சூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் பருவம். சூறாவளி எச்சரிக்கை வந்தால் ஆர்.வி. பாதுகாப்பான இடமன்று, அருகிலுள்ள உறுதியான கட்டடம் எது என்பதை வந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உறைபனிக் காலத்தில் குடிநீர்க் குழாய் வெடிக்காமல் காப்பதும் தனிக் கவலை.

நாங்கள் கிறித்தவர் அல்லர்; சங்கடம் ஏதும் இருக்குமா?

ஹாபிடட் கிறித்தவ அடிப்படையில் தோன்றிய நிறுவனம், அதை மறைப்பதுமில்லை. காலையில் சிறு வழிபாடு நடக்கலாம். வீட்டைக் குடும்பத்திடம் ஒப்படைக்கும் விழாவில் சாவியோடு விவிலியமும் கொடுப்பது பல கிளைகளின் மரபு. ஆனால் தொண்டர்களையோ குடும்பங்களையோ சமயம் பார்த்துத் தேர்வதில்லை, மதமாற்றப் பேச்சுக்கும் இடமில்லை. வழிபாட்டின்போது அமைதியாக நின்றால் போதும்.

அமெரிக்காவைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர் வேலை செய்யலாமா?

ஊதியமோ ஊதியத்துக்கு ஈடான பொருளோ பெறாத தொண்டு என்பதும், அது வழக்கமாகவே தொண்டர்கள் செய்யும் வேலை என்பதும் இங்கே அடிப்படை. அறநிறுவனங்களின் தொண்டுத் திட்டத்தில் பங்கேற்பதற்கென்றே வரும் அயல்நாட்டவருக்கு வருகை விசாவில் தனிப் பிரிவு உண்டு. உறவினரைப் பார்க்கவோ சுற்றுலாவுக்கோ விசா வாங்கி வந்தவர் பல வாரப் பணியில் சேர எண்ணினால், முதலில் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிட வேண்டும். வருகையாளர் மருத்துவக் காப்பீடு கட்டுமானத் தளத்தில் ஏற்படும் காயத்துக்குப் பொருந்துமா என்பதையும் அதன் ஆவணத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

ஹாபிடட் தவிர வேறு வழிகள் உண்டா?

உண்டு. ஹாபிடட்டிலிருந்து 2005இல் விலக நேர்ந்த மில்லார்ட் ஃபுல்லர், அதே ஆண்டில் அமெரிக்கஸிலேயே தொடங்கிய ஃபுல்லர் வீட்டு மையமும் ஆர்.வி. தொண்டர்களை அணிகளாக அனுப்புகிறது. ஐக்கிய மெதடிஸ்ட் சபையைச் சார்ந்த நோமாட்ஸ் குழுவினர் ஓரிடத்தில் மூன்று வாரம் தங்கி, வாரத்துக்கு நான்கு நாள் வேலை செய்கிறார்கள். அவர்களுடையது புது வீடுகளை விடப் பழுதுபார்த்தலும் பேரிடர்ச் சீரமைப்பும் மிகுந்தது. வாரம் மூன்று நாள் ஓய்வு கிடைப்பதால், சுற்றிப் பார்ப்பதில் ஆர்வம் கூடுதலாக உள்ளவர்களுக்கு அந்த ஒழுங்கு பொருந்தும்.

நடுவில் கிளம்பிவிடலாமா?

நோயோ குடும்ப அவசரமோ என்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. மற்றபடி, வண்டிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடியே கிளை பொருள்களை வரவழைத்து மேற்பார்வையாளரை அமர்த்துகிறது. பூங்கா முன்பதிவு கிடைத்துவிட்டது என்பதற்காக முதல் வார இறுதியில் புறப்படுவது முறையன்று. இரண்டு வாரம் உறுதியாக ஒதுக்க முடியாதவர், தாம் செல்லும் ஊரின் ஹாபிடட் கிளையில் ஒருநாள் தொண்டராகப் பெயர் கொடுக்கலாம். பெரும்பாலான கிளைகள் அதை வரவேற்கின்றன, அதற்கு ஆர்.வி. தேவையுமில்லை.

இரண்டு வாரத்தில் வீடு முடிந்துவிடுமா?

பெரும்பாலும் முடியாது. ஓர் அணி சுவர்க்கூட்டை நிறுத்திவிட்டுப் போகும், அடுத்த அணி கூரை போடும், உள்ளூர்த் தொண்டர்கள் வண்ணம் பூசி முடிப்பார்கள். வீட்டை ஒப்படைக்கும் விழாவைக் காண விரும்பினால், கிளம்புமுன் கிளை அலுவலகத்தில் உத்தேசத் தேதியைக் கேட்டு, உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாள் உறுதியானதும் தெரிவிப்பார்கள், திரும்பும் பாதையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.